கதவு பூட்டியிருந்தது

என் வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தத் தங்கம் தன் இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே போவதைப் பதினெட்டு மாதம் என்னிடம் மறைத்தது. அதோடு நின்றதா? என்னையும், பதின்மூன்று வயது மகளையும், தன் கூடப் பிறந்த அக்காவையும் ஒரு காரில் ஏற்றி, கொட்டுகிற மழையில் கடற்கரை ரோட்டில் தானே ஓட்டிக்கொண்டு போனது. எதற்கு? பறவை பார்க்க. இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இதை நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவருக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவது. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே பை. பைக்குள் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு பழைய துணி. மீட்டரை மனிதர்கள் எங்கெங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். மாடிப்படிக்கு அடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், செத்துப்போன பூந்தொட்டிக்குக் கீழே. இவர் மண்டிபோட்டு, துணியால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். "நாலு ஏழு ரெண்டு. நாலு ஏழு ரெண்டு." வீட்டிலும் அதே வழக்கம். மகள் கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினேன் என்று சொன்னால், பாராட்டுவதற்கு முன்னால் "எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு" என்பார். தெருவில் அவருக்கு 'மீட்டர்காரர்' என்றுதான் பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

போன வீட்டில் ஆள் இல்லை என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? நோட்டில் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதி, முந்தைய மூன்று தடவை செலவான தண்ணீரின் சராசரியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அலுவலகமே சொல்லிக்கொடுத்த வழி. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதை வைத்துத்தான் நான் அந்த மனிதரைப் பிடித்தேன்.

மீட்டரை விட்டால் அவருக்குப் பறவை. பூட்டிய வாசல்களில் காத்து நிற்கும்போது மதில்மேல் வந்து உட்காருவதைப் பார்க்கத் தொடங்கி, அது பைத்தியமாக முற்றிவிட்டது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, கடற்கரை ரோட்டில் ஒரு பாலத்துக்குப் போவார். அங்கே ஆறு கடலில் சேருகிற இடத்தில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். எண்ணி எழுதிக்கொண்டு நனைந்து வருவார். அதில் கரண்டிவாயன் என்று ஒன்று. வெள்ளையாக, நீளமாக, அலகு மட்டும் அச்சு அசலாகக் கரண்டி. இவருக்கு அதன்மேல்தான் உயிர். கல்யாணமான புதிதில், "என்னைவிட அது அழகா?" என்று கேட்டேன். யோசித்தார். யோசித்தாரே!

நான் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு கூடத்தில் துணி வெட்டுகிறவள். அறுபது அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு வெட்டினாலும் ஒரு நூல் கோணியிருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் வீட்டில் என்ன நடந்தது? என் புருஷன் கழுத்தைக் கோணிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். டீவியைப் பார்த்தால் தலை சாய்கிறது, பேப்பரைப் பார்த்தால் தலை சாய்கிறது. கேட்டால், "சுளுக்கு" என்றார். நான் ராத்திரி தோறும் எண்ணெய் காய்ச்சிக் கழுத்தில் தேய்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம். என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அது நான் புதுத் தோடு போட்டிருந்த வாரம். அட, கவனிக்கிறாரே என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதே சமயம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பகுதியில் மட்டும் இத்தனை வீடுகள் பூட்டியிருப்பது ஏன்?' நான் கொதித்துப்போனேன். "வீட்டைப் பூட்டிட்டு ஊர் சுத்தறவங்களுக்காக நீங்க எதுக்குங்க திட்டு வாங்கணும்? எழுதிக் குடுங்க, நல்லா சூடா எழுதிக் குடுங்க!" என்று கத்தினேன். அந்தக் கல்லுளிமங்கன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மழை தொடங்கியதும் ஒரு நாள் திடீரென்று சொன்னார், இந்தத் தடவை எல்லாரும் போகலாம் என்று. கூட வேலை பார்க்கிறவரிடம் பழைய கார் ஒன்றை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கியிருந்தார். பாலத்துக்குப் பக்கத்து ஊரில் லாட்ஜில் ரூமும் போட்டாயிற்று. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் பயணம். தன் அக்காவையும் கூப்பிட்டார். என் நாத்தனார் டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓய்வு பெறவில்லை. காரில் ஏறும்போதே ஆரம்பித்தார்.

"ஏண்டா, எங்களுக்கெல்லாம் முட்டி தேஞ்ச பிறகுதான் உனக்கு டூர் போகத் தோணிச்சா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க!"

இவர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. குனிந்து தரையைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். மகள் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். நான் அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?

"நான் ஓட்டறேனே," என்றேன். எங்கள் கூடத்து வேனை வாரம் ஒருமுறை துணி எடுத்து வர மில்லுக்கு ஓட்டிப் போகிறவள் நான். பதினொரு வருஷமாக லைசென்ஸ் என் பைக்குள் இருக்கிறது.

"மழை ரோடு. உனக்குப் பழக்கமில்ல," என்றார்.

"மில்லுக்குப் போற வழியில மழையே பேயாதாங்க?"

முன்சீட்டில் மகளை உட்காரச் சொன்னார். எங்கள் இருவரையும் பின்னால் தள்ளினார். ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்களாம். ரோட்டில் எது வந்தாலும் மகள் முதலில் சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு மதிப்பெண். அதிலும் நேர் முன்னால் வருவதற்குத்தான் மதிப்பெண், ஓரத்தில் இருப்பதற்குக் கிடையாது.

"லாரி, நேரா வருது. ஒண்ணு. சைக்கிள், நமக்கு முன்னாடி போகுது. ரெண்டு. பள்ளம்ப்பா, பள்ளம்! மூணு."

பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாளியால் ஊற்றுகிற மாதிரி மழை. வைப்பர் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் நிறைகிறது. ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் கடல், பாறையில் மோதி ரோடு வரைக்கும் தெறித்தது. இன்னொரு பக்கம் கோரைப்புல்லும் சேறுமாகக் காயல். "கொஞ்ச நேரம் சும்மா இருடி, காது வலிக்குது," என்று நான் மகளைத் திட்டினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுகிறவள் மாதிரி ஒரு பார்வை. பசி என்று நினைத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன்.

இவரோ காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்து, "கேட்டீங்களா? ஆலா கத்துது. உள்ளான் கூட்டம் ஒண்ணு போகுது பாருங்க," என்றார். நானும் நாத்தனாரும் பார்த்தோம். மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எங்கடா?" என்றார் நாத்தனார்.

"போயிடுச்சு அக்கா. நீ லேட்டு."

மதியம் ஒரு டீக்கடையில் நிறுத்திச் சாப்பிட்டோம். வளைவு ரோடு, ஈர வாடை, பிஸ்கட் எல்லாம் சேர்ந்து மகளுக்கு வாந்தி. முகம் வெளுத்து என் தோளில் சாய்ந்துவிட்டாள். "நான் முன்னாடிதாம்மா உட்காரணும், முன்னாடிதான்," என்று அனத்தினாள். நான் விடுவேனா? அத்தை மடியில் தலைவைத்துப் படுக்கச் சொல்லிப் பின்னால் போட்டேன். நான் முன்னால் ஏறினேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"நீயும் சொல்லிட்டே வாயேன்," என்றார். "அந்த விளையாட்டு."

"எனக்கென்ன அஞ்சு வயசா? ஒழுங்கா ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அப்படித்தான் சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று.

பாலத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மழை கொஞ்சம் விட்டது. வளைவு இல்லாத நேர் ரோடு. முன்னால் முந்நூறு அடி தூரத்தில் கோரைக்குள்ளிருந்து ஏதோ பழுப்பாக வெளியே வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து. நீர்நாய்! ஈர முதுகு பளபளக்க, குட்டைக் கால்களால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. நடுவில் இரண்டு குட்டி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் வண்டியை நிறுத்தப்போகிறார், இறங்கி மழையில் மண்டிபோடப்போகிறார், ஒரு மணி நேரம் நகரமாட்டார் என்று நினைத்தேன். வண்டியின் வேகம் குறையவில்லை.

"என்னங்க!"

குறையவில்லை.

"என்னங்க! நிறுத்துங்க!"

கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். ஈர மணலில் வண்டி வழுக்கிக் கால்வட்டம் அடித்தது. நாத்தனார் அலறினார். நின்றபோது என் பக்கத்து முன் சக்கரத்துக்கும் கடற்பாறைச் சரிவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை. நீர்நாய்கள் பாட்டுக்குக் கடந்து போயின. கடைசியாகப் போனது பின்காலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "என்ன ஆச்சு? பள்ளமா?"

பள்ளமா என்று கேட்டார். தந்திக் கம்பியில் உட்கார்ந்திருப்பது என்ன குருவி என்று கால் மைலுக்கு அப்பாலிருந்து சொல்கிற மனிதர். பின்சீட்டிலிருந்து மகள் வெடித்து அழுதாள்.

"அப்பாவுக்கு நடுவுல இருக்கறது தெரியாதும்மா! ஓரம் மட்டும்தான் தெரியும். அதனாலதான் நான் சொல்லிட்டே வந்தேன். அம்மா பயந்துடுவா, சொல்லாதேன்னாரு. நீ என்னைச் சும்மா இருன்னு திட்டினே!"

வந்ததே எனக்குக் கோபம். கதவைத் திறந்து இறங்கினேன். அவர் பக்கக் கதவையும் திறந்து அவரை வெளியே இழுத்தேன். மறுபடி மழை வலுத்துவிட்டது. நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"நான் பயந்துடுவேனா? நானா? உங்க கழுத்துக்கு ஒரு வருஷம் எண்ணெய் தேய்ச்சேனேய்யா! சுளுக்குன்னு சொன்னீங்களே! பிள்ளை கண்ணை எடுத்து உங்க கண்ணா வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டினீங்களா? அவ தூங்கிப்போனா நாங்க செத்திருப்போம். இதோ, இந்தப் பாறையில. நாலு பேரும்!"

"எனக்கு இந்த ரோடு நல்லாத் தெரியும்..." என்றார்.

"ரோடு தெரியும், ரோட்டுல நிக்கறது தெரியாது!"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. அவர் எழுதிக் குடுத்துட்டா வேலை போயிடும். கண்ணு இல்லாதவனுக்கு மீட்டர்ல என்ன வேலை?" அவர் என் காதைப் பார்த்துத்தான் பேசினார். "அடுத்த மழைக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தோணிச்சு. ஒரு தடவை உங்க எல்லாருக்கும் அந்தக் கரண்டிவாயனைக் காட்டிடணும்னு..."

"காட்டறதுக்கு முதல்ல உங்களுக்குத் தெரியணுமேய்யா! சொல்லியிருந்தா உங்களை முதுகுல தூக்கிட்டு வந்து நான் காட்டியிருப்பேன். ஊமை ஊரைக் கெடுக்கும்னு உங்களைப் பாத்துதான் சொன்னாங்க!"

வாழ்க்கையில் முதல்தடவையாக நாத்தனார் பழமொழி எதுவும் சொல்லவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து தம்பியின் முகத்துக்கு நேராக இரண்டு விரலை நீட்டினார். "இது எத்தனைடா?" அவர் தலையைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். நாத்தனார் கையை மடக்கிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"சாவியைக் குடுங்க," என்றேன்.

"இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தான். மெதுவா நானே..."

நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். வழுக்கியதில் அவருடைய பறவை நோட்டு காலடியில் விழுந்து விரிந்து கிடந்தது. எடுத்தேன். அன்றைய தேதி, பாலத்தின் பெயர், கீழே பட்டியல். ஆலா நாற்பது. உள்ளான் நூற்றிருபது. கரண்டிவாயன் பதினாலு. வரிமேல் வரி ஏறிய கோணல் எழுத்து.

பாலத்துக்கு நாங்கள் இன்னும் போகவே இல்லை.

முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். போன மூன்று வருஷக் கரண்டிவாயன் பன்னிரண்டு, பதினாறு, பதினாலு. கூட்டி மூன்றால் வகுத்தால் பதினாலு. எனக்கு அப்போதுதான் அலுவலகக் கடிதமும் புரிந்தது. எந்த வீடும் பூட்டியிருக்கவில்லை. வீட்டுக்காரி கதவைத் திறந்து, உள்ளே விட்டு, மீட்டரையும் காட்டியிருக்கிறாள். இவர் மண்டிபோட்டு, துடைத்து, எண் தெரியாமல், கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்களைத்தான் நான் ஊர்சுற்றிகள் என்று திட்டினேன்.

வண்டியைத் திருப்பி நேராக வீட்டுக்கு ஓட்டியிருக்க வேண்டும். ஏன் பாலத்துக்கு ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பாலத்துக்குக் கீழே மணல் திட்டில் நிறுத்தினேன். தூறல்தான் இருந்தது. கடல் உள்வாங்கிய சேற்றில் வெள்ளையும் சாம்பலுமாக ஏகப்பட்ட பறவை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தது. இவர் இறங்கி, சத்தம் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார். நான் சீட்டில் போட்ட நோட்டை எடுத்து மார்போடு பிடித்திருந்தார்.

"என்ன இருக்கு?" என்றார் மெதுவாக.

மகள் வாயைத் திறந்தாள், பழக்கம். "நீ சொல்லாதே. நீ இனிமே யாருக்கும் எதுவும் சொல்லிட்டு வர வேண்டாம்," என்றேன். பிறகு அவரிடம் சொன்னேன்: "கதவு பூட்டியிருக்கு. சராசரி போட்டுக்குங்க."

அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்க மாட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஒன்று போதாதென்று இன்னும் இரண்டு போட்டார்.

"எனக்குத் தெரியல," என்றார். "எண்ணும் தெரியல. பறவையும் தெரியல. உன் மூஞ்சி தெரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் அவர் பக்கத்தில் போய் நின்று, கரண்டி அலகு உள்ளதை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணினேன். துணி அடுக்கை எண்ணுகிற மாதிரி, விரல் நீட்டி, ஒன்றையும் விடாமல்.

"பத்தொன்பது," என்றேன். "பதினாலு இல்ல."

"பத்தொன்பது," என்றார். "பத்தொன்பது."

லாட்ஜுக்குப் போகவில்லை. இருட்டுவதற்குள் பெரிய ஊர் வந்து சேர்ந்தோம். காலையில் கண் ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் எங்களுடையது. டாக்டர் அம்மா வயதில் சின்னவர். இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, விளக்கு அடித்து, வெகுநேரம் பார்த்தார். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான், கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தார் இவர்.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"பதினெட்டு மாசம்," என்றார். "பதினெட்டு மாசம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வலது கண்ணில் மிச்சமிருப்பதை ஊசி போட்டு நிறுத்திப் பார்க்கலாம் என்றார். இடது கண் இனி இல்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்," என்றார்.

ஒரு வருஷம் முன்னால் நான் அவர் கழுத்துக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.